“ஒரு மைலும் ஒரு பிட்டக்கும்” என்றால் எவ்வளவு தூரம்?

6 அக்டோபர் 2024, கேள்வி

அக்கா, நீங்கள் ஸ்காட்லாந்தில் இருப்பதால் உங்களிடம் கேட்கிறேன். வால்டர் ஸ்காட்டின் ‘கய் மேனரிங்’ நாவலின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் கொண்டுவர முயல்கிறேன். குதிரையில் வரும் ஆங்கிலேய இளைஞன் இருட்டில் வழி தவறி, கிப்பிள்ட்ரிங்கன் என்ற ஊர் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே போகிறான். ஒருவர் “ஒரு மைலும் ஒரு பிட்டக்கும்” இருக்கும் என்கிறார். அகராதியில் ‘பிட்டக்: சிறு துண்டு’ என்றுதான் இருக்கிறது. துண்டு எப்படித் தூரம் ஆகும்? பழைய அளவை ஏதோ ஒன்று, கால் மைல் வரும் என்று நினைக்கிறேன். கால் மைல் என்றே போட்டுவிடலாமா?

6 அக்டோபர், இரவு

போடாதீர்கள். பிட்டக் அளவை இல்லை, அதற்கு மீட்டர் கணக்கும் கிடையாது.

இந்தச் சொல்லை ஒருவர் வாயிலிருந்து நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி. வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அன்று புது வீடு, ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள நியூட்டன் ஸ்டூவர்ட் ஊருக்கு வடக்கே மலைப்பக்கம். போனில் சிக்னல் போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பெரியவர் ஒருவர் சரிந்துபோன கல்வேலியைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். கார் கண்ணாடியை இறக்கி, பண்ணையின் பெயரைச் சொல்லி எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தார், சாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ஒரு மைலும் ஒரு பிட்டக்கும், ஹென்” என்றார். ஹென் என்றால் கோழிதான். இங்கே பெண்களைப் பிரியமாக அப்படிக் கூப்பிடுவார்கள்.

கிளம்பும்போது மைல் மீட்டரைப் பார்த்துக்கொண்டேன். வீடு வந்து சேர்ந்தபோது மூன்று மைலைத் தாண்டியிருந்தது. அவருடைய பிட்டக் அந்த மைலைப் போல இரண்டு மடங்கு.

அன்றைக்குக் கோபம் வந்தது. பின்னால் அந்த மனிதரைப் பற்றி வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்தேன். அதை அப்புறம் எழுதுகிறேன்.

7 அக்டோபர்

சொல்லின் பிறப்பை முதலில் பார்ப்போம். பிட் + அக். இரண்டும் பழையவை.

‘பிட்’ பழைய ஆங்கிலத்தின் ‘பிட்டா’விலிருந்து வருகிறது. பற்களால் கடித்து எடுத்த பகுதி, ஒரு கடி என்று பொருள். கடி என்ற வினையின் குழந்தை அது. ரொட்டியில் ஒரு கடி, பிறகு எதிலும் ஒரு துண்டு, பிறகு நேரத்தில் ஒரு துண்டு, வழியில் ஒரு துண்டு என்று விரிந்தது.

‘அக்’ சிறுமை காட்டும் விகுதி. ஆங்கிலத்தில் மலைக்கு ஹில், சின்னக் குன்றுக்கு ஹில்லக். காளைக்கு உள்ள புல்லக்கிலும் இதே விகுதி ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இது எப்போதோ உறைந்துபோயிற்று, யாரும் புதுச் சொல்லோடு ஒட்டுவதில்லை. ஆங்கிலத்தின் உறவான, ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியில் ரொம்ப காலம் உயிரோடு இருந்தது. லாஸ் என்றால் பெண், லாஸக் என்றால் சின்னப் பெண். அந்த வரிசையில்தான் பிட்டக்.

ஜெர்மனில் கொஞ்சம் என்பதற்கு ‘பிஸ்ஷென்’ என்கிறார்கள். அதுவும் கடி என்ற சொல்லோடு சிறுமை விகுதி சேர்ந்ததுதான். இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே சொல்லைச் செய்து வைத்திருக்கின்றன. பிட்டக் என்றால் ‘சின்னக் கடி’. மைலோடு ஒரு சின்னக் கடி.

7 அக்டோபர், பிற்பகல்

“பிட்டு என்பது தமிழ்ச் சொல், பிட்டக் அதிலிருந்துதான் போயிருக்கிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது. பழைய ஆங்கிலத்தில் பிட்டா இருக்கிறது, வைகிங்குகள் பேசிய பழைய நார்ஸில் பிட்டி இருக்கிறது, எல்லாம் கடித்தல் வினையிலிருந்து கிளைத்தவை. நம் பிட்டு, ‘பிட்டுக் கொடு’ என்பதில் உள்ள பிட்டல். அங்கே பல் வேலை செய்கிறது, இங்கே விரல். இரண்டும் அவரவர் வீட்டில் பிறந்த சொற்கள்.

8 அக்டோபர்

மொழிபெயர்ப்புக்கு என் யோசனை: “ஒரு மைல் சொச்சம்”. கணக்குக்கு மேல் மிஞ்சி நிற்பது சொச்சம். இதைவிடப் பொருத்தமாக எதுவும் தோன்றவில்லை.

9 அக்டோபர்

பிட்டக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து, அதற்கு முன்னால் நிற்கும் மைலைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டேன். அந்த மைல் நாம் நினைக்கும் மைலா?

ஸ்காட்லாந்துக்குத் தனி மைல் இருந்தது. எல் என்பது துணி அளக்கும் கோல், 37 அங்குலம். 6 எல் ஒரு ஃபால். 40 ஃபால் ஒரு ஃபர்லாங். 8 ஃபர்லாங் ஒரு மைல். பெருக்கினால் 1,920 எல். அங்குலமாக்கினால் 71,040. கெஜமாக்கினால் ஏறக்குறைய 1,973. ஆங்கில மைல் 1,760 கெஜம்தான். ஸ்காட்லாந்து மைல் இருநூறு கெஜத்துக்கு மேல் நீளம்.

ஆக “ஒரு மைல்” என்ற பகுதிக்குள்ளேயே ஒரு பிட்டக் ஒளிந்திருக்கிறது.

9 அக்டோபர், இரவு

திருத்தம். 1,984 கெஜம் என்று புத்தகங்களில் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான். நான் ஒரு ‘எல்’ ஆங்கில அங்குலத்தில் 37 என்று வைத்துப் பெருக்கினேன். ஸ்காட்லாந்து அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிட மயிரிழை பெரியது. ஒரு ‘எல்’ 37.2 ஆங்கில அங்குலம் என்று எடுத்தால் 1,984 வரும். கிலோமீட்டரில் ஏறத்தாழ 1.8. ஆங்கில மைல் 1.6.

10 அக்டோபர்

அங்குலம் ஏன் பெரியது என்று கேட்டீர்கள். காரணத்தை ஒரே வரியில் சொல்ல முடியாது, ஆனால் அந்த அங்குலம் எப்படி வரையறுக்கப்பட்டது என்பது அழகான விஷயம். முதலாம் டேவிட் மன்னர் பெயரில் வழங்கும் 12-ஆம் நூற்றாண்டு அளவைச் சட்டத்தில், மூன்று பேரின் கட்டைவிரலை நகத்தின் அடியில் அளந்து சராசரி எடுக்க வேண்டும் என்று வருகிறது. ஒருவர் பெரிய ஆள், ஒருவர் நடுத்தரம், ஒருவர் சின்ன ஆள்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. ராஜாவின் விரல் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். சின்ன ஆளையும் கூப்பிட்டு நிற்க வைத்திருக்கிறார்கள்.

மூல அளவுகளை நகரங்களுக்குப் பங்கிட்டும் கொடுத்திருந்தார்கள். எல் எடின்பரோவில், எடைக்கல் லானர்க்கில், தானிய அளவு லின்லித்கோவில், திரவ அளவு ஸ்டெர்லிங்கில். டன்கெல்ட் ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் இரும்பு எல் ஒன்று இன்னும் பதிந்திருக்கிறது. வாங்கிய துணியை யார் வேண்டுமானாலும் அதில் வைத்துப் பார்க்கலாம். நான் போனபோது என் துப்பட்டாவை வைத்து அளந்தேன். இரண்டு எல்லும் ஒரு பிட்டக்கும்.

13 அக்டோபர்

இன்று ஓய்வு நாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்து மைல் சட்டப்படி எப்போது செத்தது என்று பார்த்தால் மூன்று தேதிகள் வருகின்றன. 1685-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமே ஆங்கில அடியையும் 1,760 கெஜ மைலையும் ஏற்றுச் சட்டம் போட்டது. 1707-இல் இரண்டு நாடுகளும் ஒன்றானபோது, ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு இங்கிலாந்தின் அளவைகளே எங்கும் செல்லும் என்றது. 1824-இல் மறுபடி ஒரு சட்டம். செத்துப்போன ஒன்றை மூன்று தடவை புதைக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் வாயில் அது உயிரோடு இருந்ததால்தான் திரும்பத் திரும்பச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1790-இல் எழுதிய ‘டாம் ஓ ஷான்டர்’ கவிதை இதற்குச் சாட்சி. முதல் சட்டத்துக்குப் பின் நூறு வருடம் தாண்டிவிட்டது. ஏர் நகரில் சந்தை முடிந்து குடித்துக்கொண்டிருப்பவர்கள், தங்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் ‘நீண்ட ஸ்காட்லாந்து மைல்களை’ நினைப்பதில்லை என்கிறார். அடுத்த அடியில் அந்த மைல்களில் என்ன இருக்கிறது என்று சொல்கிறார்: சேற்றுநிலம், ஓடைகள், வேலி இடைவெளிகள், வேலி தாண்டும் படிகள்.

சட்டத்தின் மைலில் கெஜங்கள் இருக்கின்றன. இந்த மைலில் கடந்தாக வேண்டிய பொருள்கள் இருக்கின்றன. சேற்றில் கால் புதைகிறது, ஓடையில் செருப்பைக் கழற்ற வேண்டும், படியில் ஏறி இறங்க வேண்டும். இப்படி நடந்தவனுக்கு மைல் நீளமாகத்தான் இருக்கும். நான் இந்த ஊர்ப் படிகளில் ஏறியிருக்கிறேன், மழையில் வழுக்கும் பலகைகள். பத்துப் படி தாண்டினால் ஒரு மைல் நடந்த களைப்பு வந்துவிடும்.

பிட்டக்கின் இடம் இங்கேதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. மைலுக்குச் சட்டம் வந்துவிட்டது, கல் நட்டாயிற்று, வாதாட முடியாது. பிட்டக்குக்குச் சட்டம் இல்லை. நேற்றைய மழை, ஏற்றம், கேட்பவரின் வயது, அவர் கையில் இருக்கும் சுமை, எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக்கொள்ளலாம்.

14 அக்டோபர்

ஆமாம், எடின்பரோவின் ‘ராயல் மைல்’ தெரு பழைய ஸ்காட்லாந்து மைல் நீளம்தான். கோட்டையிலிருந்து ஹாலிரூட் அரண்மனை வரை. அதனால்தான் அந்தப் பெயர்.

20 அக்டோபர்

மேலே 14-ஆம் தேதி எழுதியதில் பாதி தவறு. நேற்று எடின்பரோ போக வேண்டியிருந்தது, தெரு முழுக்க நடந்தேன். போனில் பார்த்தபோது எங்கே தொடங்குகிறோம், எங்கே முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து நூறு, நூற்றைம்பது மீட்டர் ஏறி இறங்குகிறது. மொத்தத்தில் ஸ்காட்லாந்து மைலுக்குப் பக்கத்தில் வருகிறது, அது உண்மை. ஆனால் ‘அதனால்தான் பெயர்’ என்று எழுதியது பிழை. அந்தப் பெயர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது, வழிகாட்டிப் புத்தகங்கள் பரப்பியது. அதற்குள் ஸ்காட்லாந்து மைலால் யாரும் எதையும் அளப்பதில்லை. நீளம் ஒத்துப்போவதை வைத்து நானே ஒரு காரணத்தைக் கட்டிவிட்டேன்.

பழைய பெயர்கள் துண்டு துண்டாக இன்னும் தெருவில் இருக்கின்றன. கீழ்ப்பாதி கேனன்கேட். இந்தக் ‘கேட்’ கதவு இல்லை. ஸ்காட்ஸில் கேட் என்றால் வழி, தெரு. நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஹாலிரூட் மடத்துத் துறவிகள் நடந்த வழி என்பதால் கேனன்கேட். கௌகேட் மாடுகள் போன வழி. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நாவலுக்குத் தேவைப்படும் என்று நினைக்கிறேன். அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டுச் சொல்கிறேன்.

27 அக்டோபர்

படித்தேன். முதல் நாள் உங்கள் கேள்வியைப் பார்த்தபோது நினைவில் இருந்தது, கிப்பிள்ட்ரிங்கனுக்கு நாலு பேர் நாலு தூரம் சொல்கிறார்கள், ஸ்காட் கிராமத்து ஆட்களைக் கிண்டல் செய்கிறார் என்பதுதான். பலரும் அப்படித்தான் இந்தப் பகுதியை எடுத்துச் சொல்வார்கள்.

வரிசை இப்படி வருகிறது. முதலில் ‘கெய் பிட்’. கெய் என்றால் கணிசமான, கெய் பிட் என்றால் ‘நல்ல தூரம்’. ஒரே ‘பிட்’ முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து நீளவும் செய்யும், சுருங்கவும் செய்யும் என்பதைக் கவனியுங்கள். அடுத்தது ‘ஏப்ளின்ஸ் மூன்று மைல்’, அதாவது ‘மூன்று மைல் இருக்கலாம்’. அடுத்தது உங்கள் மைலும் பிட்டக்கும். அடுத்தது ‘நாலு மைல் அல்லது அந்த வாக்கில்’. போகப் போகக் குறைய வேண்டிய தூரம் கூடுகிறது. சிரிப்பு வரத்தான் செய்கிறது.

ஆனால் பதில் நாலு இல்லை, ஐந்து. ஐந்தாவதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். கடைசியாக ஒரு பெண் குரல். அவள் கையில் குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. அதை அமர்த்திவிட்டுச் சொல்கிறாள்: கிப்பிள்ட்ரிங்கனுக்கு இன்னும் சலிப்பூட்டும் நெடுவழி, கால்நடையாகப் போகிறவர்களுக்குக் கடினமான பாதை.

அவள் மைலே சொல்லவில்லை. முதலில் வந்த ‘கெய் பிட்’டைப் போல அவள் பதிலிலும் எண் இல்லை. வழியின் நீளத்தையும் தன்மையையும், யாருக்கு அது கஷ்டம் என்பதையும் சொல்கிறாள். கேட்டவன் குதிரைமேல் இருக்கிறான், அவள் நடப்பவர்களைப் பற்றிப் பேசுகிறாள். அவளுக்குத் தெரிந்த பயணம் அதுதான். இருட்டில், கையில் பிள்ளையோடு, அந்தச் சேற்றில் அவள் எத்தனை தடவை நடந்திருப்பாள்!

‘நெடுவழி’ என்று நான் எழுதிய இடத்தில் மூலத்தில் இருப்பது ‘லாங் கேட்’. தயவுசெய்து ‘நீண்ட வாசல்’ என்று போட்டுவிடாதீர்கள்.

இதைப் படித்த பிறகு அந்தப் பகுதி எனக்குக் கிண்டலாகத் தெரியவில்லை. அல்லது கிண்டலில் தொடங்கி, அந்தப் பெண் பேசும் இடத்தில் ஸ்காட் அதைக் கீழே வைத்துவிடுகிறார் என்று தோன்றுகிறது.

28 அக்டோபர்

“மூன்று மைல் ஸ்காட்லாந்துக் கணக்கு, நாலு மைல் ஆங்கிலக் கணக்கு என்று வைத்தால் முரண்பாடு தீர்ந்துவிடுமே” என்று கேட்டவருக்கு: நானும் நேற்று ராத்திரி போட்டுப் பார்த்தேன். மூன்று ஸ்காட்லாந்து மைல் ஏறத்தாழ 5.4 கிலோமீட்டர். நாலு ஆங்கில மைல் 6.4. நடுவில் அவன் குதிரை நடந்த தூரத்தைக் கழிக்க வேண்டும். ஒத்துவரவில்லை. ஒத்துவர வைக்கவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கிப்பிள்ட்ரிங்கன் கற்பனை ஊர். தென்மேற்கு வட்டாரமான காலோவேயில் உள்ள கேட்ஹவுஸ்தான் அது என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்காட்டுக்கு இந்தப் பக்கத்துக் கதைகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர் ஜோசப் டிரெய்ன் என்ற வரி அதிகாரி, நியூட்டன் ஸ்டூவர்ட்டில் வேலை பார்த்தவர். எனக்குக் கல்வேலிப் பெரியவர் பிட்டக் சொன்ன அதே வட்டாரம்.

3 நவம்பர்

இந்தச் சொற்றொடரைத் தலைப்பாகவே வைத்து ஒரு கவிதை இருக்கிறது என்று ஒருவர் நினைவுபடுத்தினார். ஆமாம், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதியது, 1887-இல் வந்த ‘அண்டர்வுட்ஸ்’ தொகுப்பில் ஸ்காட்ஸ் கவிதைகள் உள்ள இரண்டாம் பகுதியில் இருக்கிறது. மூன்று நண்பர்கள், நிலா வெளிச்சம். ஒருவனை வீடு வரை கொண்டுபோய் விட மற்றவர்கள் போகிறார்கள். அங்கே போனதும் அவன் இவர்களைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் திரும்பக் கூட வருகிறான். இப்படியே போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். கடிகாரம் பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு அடிக்கிறது. நிலா மட்டும் அப்படியே காய்கிறது.

தூரம் வெறும் மைலும் பிட்டக்கும்தான். இரவு முழுக்க நடந்தும் முடியவில்லை, முடிக்க அவர்களுக்கு விருப்பமும் இல்லை.

வழியனுப்பப் போவது இந்த நாட்டில் பெரிய விஷயம். எவ்வளவு தூரம் கூடப் போக வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் இருந்திருக்கிறது. ‘கெல்சோ வழியனுப்பு’ என்று ஒரு சொல் உண்டு: வாசற்கல்லுக்கு அப்பால் ஒன்றரை அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுவிடுவது. ஸ்காட்டின் ‘தி ஆன்டிகுவரி’யில் இது வருகிறது, 1816. ஏன் கெல்சோ என்று அங்கேயே கேட்கிறார்கள், எனக்கென்ன தெரியும், வெறும் பேச்சு வழக்கு என்று பதில் வருகிறது. கெல்சோ ஊர் என் தோழி ஒருத்தியின் ஊர். அவள் வீட்டிலிருந்து கிளம்பினால் பேருந்து நிறுத்தம் வரை வந்து, பேருந்து வரும் வரை நின்று, கை காட்டிவிட்டுத்தான் போவாள். அந்தப் பழமொழி அவளுக்குப் பொருந்தாது.

4 நவம்பர்

இல்லை, பிட்டக்கை இன்றைக்கு யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. 2022 கணக்கெடுப்பில் ஸ்காட்ஸ் பேசுவோம் என்று சொன்னவர்கள் சுமார் 15 லட்சம் பேர். மொழி இருக்கிறது, இந்தச் சொல் ஓரத்துக்குப் போய்விட்டது. வடகிழக்கில் ‘பிட்டி’ என்று கேட்கலாம். எங்கும் கேட்பது ‘வீ பிட்’. வீ என்றால் சின்ன. ‘அக்’ உதிர்ந்து, அந்த வேலையை வீ எடுத்துக்கொண்டது.

அபர்டீன் பக்கம் ‘ஹைன்’ என்று ஒரு தூரச் சொல் உண்டு. ‘ஹைன் அவா’ என்றால் வெகு தொலைவு. இதுவும் நார்ஸ் வழி வந்தது, ‘இங்கிருந்து’ என்பதுதான் மூலப் பொருள். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், கனடாவில் இருப்பதைச் சொல்லும்போது கேட்டிருக்கிறேன். பிட்டக் நடந்துபோய்விடக்கூடிய தூரம், ஹைன் அப்படி இல்லை. அபர்டீன் பக்கத்திலிருந்து வந்து இங்கே கல்யாணம் ஆன ஒரு பாட்டி, என் அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டார். தஞ்சாவூர் என்றேன். “ஹைன் அவா” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

5 நவம்பர்

‘சொச்சம்’ என்று சொன்னேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாதமாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. சொச்சம் கணக்குப்பிள்ளையின் சொல். எண்ணி முடித்துவிட்டு மீதியைத் தள்ளி வைப்பவர் சொல்வது. அதில் சிறுமை உண்டு, செல்லம் இல்லை. பிட்டக்கில் ‘அக்’ செய்கிற வேலை அந்தச் செல்லம்தான். லாஸக் என்று சொல்பவர் அந்தப் பெண்ணின் வயதை மட்டும் சொல்லவில்லை அல்லவா?

நம்மிடம் ‘ஊண்டு’ இருக்கிறது. துளியூண்டு, இத்தினியூண்டு. எங்கள் அம்மா சோறு வைக்கும்போது “இத்தினியூண்டுதான்” என்று சொல்லிக்கொண்டே அரைக் கரண்டி வைத்துவிடுவார். அந்த இத்தினியூண்டும் பிட்டக்கும் ஒரே ஜாதி. அளவு பொய், ஆனால் நம்மைச் சாப்பிட வைத்துவிடும்.

“ஒரு மைலும் இத்தினியூண்டும் இருக்கும்.” சொல்லிப் பாருங்கள். அந்தக் கிராமத்து ஆள் வாயில் வருகிறதா?

5 நவம்பர், இரவு

‘ஒரு மைல், அதுக்கு மேல இத்தினியூண்டு’ என்று உடைத்துப் போடலாம் என்கிறீர்கள். ஆம், அது இன்னும் நல்லது. பேச்சாக வருகிறது.

10 நவம்பர்

கல்வேலிப் பெரியவரைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

அன்று கோபம் வந்ததற்குக் காரணம், நான் பார்க்கப் போன அம்மாவுக்கு மதிய மாத்திரை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மூன்று மைல் என்று தெரிந்திருந்தால் போன் கிடைக்கும் இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லியிருப்பேன். ஒரு மைல்தானே என்று போய்விட்டேன். அப்படிப் பார்த்தால் அவர் சொன்னது எனக்கு உதவவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. வெளியூர்க்காரருக்கு, அவசரத்தில் இருப்பவருக்கு, எண்தான் வேண்டும்.

ஆனால் அவர் என்ன பார்த்தார்? பிப்ரவரி, மங்கலான வெளிச்சம், சின்னக் கார், வேற்றூர்ப் பெண், கண்ணில் பயம். மூன்று மைல், நடுவில் ஒரு ஏற்றம், பனி உறைந்த வளைவு என்று சொன்னால் இவள் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்திருக்கலாம். போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துச் சொன்ன சொல் அது. நாவலில் பிட்டக் சொன்னவரும் அந்த இளைஞன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சாலையில் இப்போது எனக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். பழகிய பிறகு அது ஒரு மைல் போலத்தான் இருக்கிறது. சரியாகச் சொன்னால், பாலம் வரை ஒரு மைல், அங்கிருந்து வீடு வரை ஒரே ஏற்றம். அவர் பாலம் வரை உள்ளதை மைலாகவும், ஏற்றம் முழுவதையும் பிட்டக்காகவும் எண்ணியிருக்க வேண்டும். தினம் ஆடுகளோடு ஏறி இறங்குகிறவருக்கு அது ஒரே மூச்சு.

11 நவம்பர்

அவரிடமே ஏன் கேட்கவில்லை என்றீர்கள். மறு வருடம் அந்தக் கல்வேலி முடிந்திருந்தது. அவரைப் பார்க்கவில்லை. வேலி நன்றாக நிற்கிறது.

17 நவம்பர்

நேற்று அதே சாலையில் ஒரு சைக்கிள்காரர் என் காரை நிறுத்தினார். இளைஞர், இத்தாலிக்காரராம், முதுகில் பெரிய பை. மேலே உள்ள விடுதி எவ்வளவு தூரம் என்று கேட்டார். நாலு மைலுக்குக் கொஞ்சம் குறைவு என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். பிட்டக் வாய் வரை வந்தது.

நாலு மைல் என்று சொன்னேன். பாலம் வரை சமதளம், அதற்கப்புறம் ஏற்றம், காற்று எதிரே அடிக்கும், தள்ளிக்கொண்டு நடப்பது நல்லது, மேலே போனால் வலது பக்கம் விளக்கு தெரியும் என்றும் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, கிளம்பினார். பையையாவது காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்று பாலம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போனேன்.